'டிகிரேட்' என்னும் சொல்லின் அறிவியல் பொருள்களும் தமிழ்க் கலைச்சொல்லாக்கமும்: பள்ளிக்கரணை, பெருங்குடிச் சான்றுகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

'டிகிரேட்' என்னும் ஆங்கில வினை வேதியியல், உயிரியல், இயற்பியல், புவிப்புறவியல், சூழலியல் ஆகிய துறைகளில் வெவ்வேறு பொருளில் வழங்குகிறது. தமிழ் அறிவியல் எழுத்தில் இதற்குச் 'சிதைவு', 'சீரழிவு', 'மக்குதல்' ஆகிய சொற்கள் வேறுபாடு நோக்காது ஆளப்படுகின்றன. தமிழ் வினைகளில் இயல்பாகவே அமைந்துள்ள இரு வேறுபாடுகளைக் கலைச்சொல்லாக்கம் போதிய அளவு பயன்படுத்தவில்லை என இக்கட்டுரை வாதிடுகிறது. ஒன்று, சிதைதலுக்கும் மட்குதலுக்கும் உள்ள பொருள் வேறுபாடு. மற்றொன்று, அழிவுக்கும் அழிப்புக்கும் உள்ள வினை வேறுபாடு. தென்சென்னைப் புறநகரின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் பெருங்குடிக் குப்பைக் கிடங்கும் இவ்வாதத்திற்குக் களமாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், சிதைவு, மட்குதல், சீரழிப்பு, தன்வினை, பிறவினை, பள்ளிக்கரணை.

முன்னுரை

ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்னும் நேர்நிகர் முறை கலைச்சொல் அகராதிகளின் நெடுநாளைய இலக்காக இருந்து வருகிறது. பொருள் வரையறுக்கப்பட்ட சொற்களுக்கு இம்முறை நன்கு பயன்படும். ஆனால் ஆங்கிலத்திலேயே பொருள் பல்கிக் கிடக்கும் சொற்களிடத்து, மூலமொழியின் தெளிவின்மையையும் அது தமிழுக்குக் கொண்டு வந்துவிடுகிறது. 'டிகிரேட்' அத்தகைய சொற்களுள் ஒன்று.

இச்சொல்லின் வழக்குகள் பலவும் ஓரிடத்தே கூடுவதைத் தாம்பரத்திற்கும் வேளச்சேரிக்கும் கிழக்கே காணலாம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 'சீரழிந்த' நிலம் எனப்படுகிறது. அதன் ஓரத்துப் பெருங்குடிக் கிடங்கில் 'மக்கும்' குப்பையும் 'மக்காத' குப்பையும் பல பத்தாண்டுகளாகக் கலந்து கிடந்தன. அவற்றிடையே கிடக்கும் நெகிழி 'சிதைகிறது'. சிட்லப்பாக்கம், செம்பாக்கம் முதலிய ஏரிகளின் வழியே சதுப்புக்கு வந்து சேரும் நீரின் 'தரம் குறைகிறது'. நான்கையும் ஆங்கிலம் ஒரே வினையாற் சுட்ட இயலும். தமிழோ நான்கு வினைகளை ஆள்கிறது. இதனைத் தமிழின் குறையாகக் கொள்வதா, நிறையாகக் கொள்வதா என்பதே இக்கட்டுரையின் வினா.

1. சொல்லின் வரலாறு: படியும் தரமும்

'டிகிரேட்' என்பது 'கீழ்நோக்கி' என்னும் பொருள்தரும் 'டி' என்ற முன்னொட்டும், 'படி, அடிவைப்பு, தகுதிநிலை' எனப் பொருள்படும் 'கிரதுஸ்' என்ற இலத்தீன் பெயரும் சேர்ந்து பிறந்த சொல். ஆங்கிலத்தில் இது பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சமயகுருவையோ வீரரையோ அவர்தம் பதவிநிலையிலிருந்து இறக்குதல் என்னும் பொருளில் நுழைந்தது. அறிவியல் பொருள்கள் யாவும் பின்னர் வந்தவை. பல்கலைக்கழகப் பட்டத்தைக் குறிக்கும் 'டிகிரி' என்னும் சொல்லும் இதே வேரினது. ஒரே வேர் ஒருபுறம் ஏறும் படியையும் மறுபுறம் இறங்கும் படியையும் குறித்து நிற்கிறது.

தமிழில் இதற்கு மிக நெருங்கிய பொருள்வரலாறு உடையது 'இழிதல்'. பழந்தமிழில் அது 'இறங்குதல்' என்னும் இயல்பான பொருளிலும் வழங்கியது. மலையினின்று அருவி இழிவதில் இகழ்ச்சி ஏதுமில்லை. அதே காலத்தில் தகுதியில் தாழ்தலையும் அச்சொல் குறித்தது. 'ஈ', 'தா', 'கொடு' என்னும் இரத்தற் சொற்களைத் தொல்காப்பியம் முறையே தாழ்ந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் ஆகியோர்க்கு உரியனவாக வகுக்குமிடத்து இழிதல் என்னும் வேரே தாழ்ந்தோனைச் சுட்டப் பயன்படுகிறது. இறங்குதல் என்னும் பொருள் இன்றைய உரைநடையில் ஏறத்தாழ மறைந்து, இகழ்ச்சிப் பொருள் மட்டுமே எஞ்சியுள்ளது. ஆகவே வேர்நிலையில் இணையானதாயினும், 'இழிவு' இன்று அறிவியலுக்கு உதவாது. ஒரு சொல்லின் பிறப்பை மட்டும் நோக்கிக் கலைச்சொல் ஆக்க இயலாது, அதன் இன்றைய வழக்கையும் நோக்க வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

'டிகிரேட்' என்னும் சொல்லின் வரலாற்றிலிருந்து இன்னொரு குறிப்பும் பெறப்படுகிறது. ஒன்று படியிறங்கிற்று எனக் கூறவேண்டுமாயின், அது முன்னர் ஒரு படியில் இருந்ததாக ஏற்க வேண்டும். இம்முன்னூகம் பின்னர்ப் பயன்படும்.

2. துறைதோறும் வேறுபடும் பொருள்

அறிவியல் துறைகளில் இச்சொல் குறிக்கும் நிகழ்வுகளை ஒப்பிட்டால், அவற்றிடையே பொதுமை மிகக் குறைவு என்பது தெளிவாகும்.

முதலாவது, கரிம வேதியியலும் உயிர்வேதியியலும். பெர் எட்மன் 1950-இல் வெளியிட்ட முறையில், புரதச் சங்கிலியின் ஒரு முனையிலிருந்து சுற்றுக்கு ஓர் அமினோ அமிலமாகக் கழற்றப்பட்டு அடையாளம் காணப்படுகிறது. ஹாஃப்மன் வினையில் அமைடு ஒன்று, கார்பன் எண்ணிக்கையில் ஒன்று குறைந்த அமீனாகிறது. ஆங்கிலத்தில் இரண்டும் 'டிகிரடேஷன்' எனப்படுவன. இங்குச் சிதறலும் இல்லை, கேடும் இல்லை. அளந்து ஒவ்வொரு படியாக இறக்குதலே நிகழ்கிறது. இவற்றை 'எட்மன் சிதைவு', 'ஹாஃப்மன் சிதைவு' என மொழிபெயர்த்தால், முறையின் உயிர்நாடியாகிய 'படி' மறைந்துபோகிறது. 'படிக்குறைப்பு' என்பதே செயலைக் காட்டும்.

இரண்டாவது, உயிரணுவியல். உயிரணு தனக்கு வேண்டாத புரதங்களை யுபிக்குட்டின் என்னும் சிறு புரதத்தால் அடையாளமிட்டு உடைத்துவிடுகிறது. இதனைக் கண்டறிந்தமைக்காக ஆரோன் சீகனோவர், ஆவ்ரம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இது உயிரணுவின் நலத்திற்காக உயிரணுவே செய்யும் செயல். எனவே 'புரதச் சீரழிவு' என்பது பொருந்தாது. 'புரதச் சிதைவு' என்பதும் செய்வோனை மறைக்கிறது. 'புரதச் சிதைப்பு' எனின் பொருந்தும்.

மூன்றாவது, வெப்ப இயக்கவியல். ஆற்றல் ஆக்கவோ அழிக்கவோ படுவதில்லை என்பது முதல் விதி. ஆயினும் ஒவ்வோர் இயல்பான மாற்றத்திலும் வேலையாக மாற்றத்தக்க பகுதி குறைகிறது. இங்கு அளவு மாறுவதில்லை, தரமே மாறுகிறது. 'ஆற்றல் சிதைவு', 'ஆற்றல் அழிவு' என எழுதுவது முதல் விதிக்கே முரணான கருத்தை மாணவர் மனத்தில் விதைக்கும். 'ஆற்றல் தரங்குன்றல்' என்பதே ஏற்கத்தக்கது. சூரிய மின்தகடு, மின்கலம் ஆகியவை ஆண்டுதோறும் இழக்கும் செயல்திறனுக்கும் 'திறன்குன்றல்' என்பது இவ்வழியே அமையும்.

நான்காவது, புவிப்புறவியல். ஆறும் காற்றும் அரித்து நிலமட்டத்தைத் தாழ்த்துவதை ஆங்கிலம் இதே சொல்லால் குறிக்கிறது. வண்டல் படிந்து மட்டம் உயர்வது அதன் மறுதலை. நன்மை தீமை என்னும் மதிப்பீடு இங்கு அறவே இல்லை. 'நிலத்தாழ்வு' என்னும் நடுநிலைச் சொல் இதற்குப் போதும்.

இந்நான்கிலும் 'சிதைவு' என்ற ஒரே சொல்லை இட்டு நிரப்பினால், கதிரியக்கச் சிதைவு, வேதிச் சிதைவு ஆகியவற்றுக்கு ஏற்கெனவே ஊன்றிவிட்ட அச்சொல் தாங்கவியலாச் சுமையைத் தாங்க நேரிடுகிறது.

3. சிதைதலும் மட்குதலும்

மேற்கூறியவை வகுப்பறைக்குரிய சிக்கல்கள். நெகிழியிடத்து இச்சிக்கல் பொதுவாழ்வுக்குரியதாகிறது.

'மக்குதல்' என்பது 'மட்குதல்' என்பதன் மரூஉ. 'வெட்கம்' என்பது பேச்சில் 'வெக்கம்' ஆனதைப் போன்றது. ஒளி மழுங்குதல் என்பதும் இவ்வினையின் பழைய பொருள்களுள் ஒன்று. உழவர் வழக்கில் 'மக்கிய எரு', 'மக்காத எரு' என்னும் பாகுபாடு ஆழ வேரூன்றியது. சாணமும் தழையும் தம் உருவும் மணமும் இழந்து மண்ணின் தன்மை எய்துவதே மக்குதல். பொருள் துண்டுதுண்டானால் மட்டும் உழவர் அதனை மக்கியது எனக் கூறார். அது மண்ணாக வேண்டும். சிதைதலோ உரு குலைதல் மட்டுமே. கட்டடம் சிதையும், மட்காது.

இவ்வேறுபாடு நுண்ணறிவியலோடு வியக்கத்தக்க வகையில் இசைகிறது. வெயிலில் கிடக்கும் பாலித்தீன் பை புறஊதாக் கதிரால் நொறுங்கித் துணுக்குகளாகிறது. அது சிதைதல். நுண்ணுயிர்கள் ஒரு பொருளின் கார்பனை உணவாகக் கொண்டு கரியமிலவாயு, நீர், உயிர்த்திரள் ஆகியவையாக மாற்றுவது மட்குதல். உரமாகத்தக்க நெகிழிக்கான ஐ.எஸ்.ஓ. 17088 தரநிலை இவ்விரண்டையும் தனித்தனியே சோதிக்கிறது. உருச்சிதைவுச் சோதனையில், 84 நாள்களுக்குப் பின் 2 மில்லிமீட்டர் சல்லடையில் எஞ்சுவது பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. உயிர்வழிச் சோதனையில், 180 நாள்களுக்குள் கரிமக் கார்பனில் 90 விழுக்காடு கரியமிலவாயுவாக மாற வேண்டும். முதற் சோதனை சிதைதலை அளக்கிறது. இரண்டாவது மட்குதலை அளக்கிறது. முதலாவதில் தேறி இரண்டாவதில் தவறும் பொருள், கண்ணுக்கு மறைந்த குப்பையேயன்றி வேறன்று.

நொறுங்குதலை விரைவுபடுத்தும் வேதிச்சேர்க்கை கலந்த நெகிழியை ஐரோப்பிய ஒன்றியம் தனது 2019-ஆம் ஆண்டு நெறியாணையால் தடைசெய்தமைக்கும் இதுவே அடிப்படை. இந்திய நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகளின் 2024-ஆம் ஆண்டுத் திருத்தமும், உயிரியச் செயலால் சிதையும் நெகிழி நுண்நெகிழி எதனையும் எச்சமாக விடலாகாது என வரையறுத்தது. ஆங்கிலச் சொல் தன்னளவில் இவ்வெல்லையைக் காட்டாமையால், விதி அதனைத் தனித்தொடரால் வகுக்க வேண்டியதாயிற்று. தமிழிலோ 'மட்குதல்' என்னும் வினையே அவ்வெல்லையைத் தன்னுள் கொண்டுள்ளது. ஆயினும் 'உயிரிச் சிதைவு' எனப் பாடநூல் வழக்கில் பயிலும் தொடர், ஆங்கிலத்தின் தெளிவின்மையைத் தமிழுக்குள் மீண்டும் கொண்டுவருகிறது.

பெருங்குடிக் கிடங்கில் 2022 முதல் மேற்கொள்ளப்பட்ட உயிரி அகழ்ந்தெடுத்தல் முறை இவ்வேறுபாட்டைக் கண்முன் நிறுத்துகிறது. பழங்குப்பை தோண்டப்பட்டுச் சலிக்கப்படுகிறது. மட்கியது மண்போன்ற பொடியாகச் சல்லடையின்கீழ் இறங்குகிறது. நெகிழி மேலே தங்கி எரிபொருளாக அனுப்பப்படுகிறது. ஆனால் சல்லடைக் கண்ணினும் சிறிதாக நொறுங்கிவிட்ட நெகிழித் துணுக்கு மண்ணோடு மண்ணாகக் கீழே இறங்கும். மட்கியதற்கும் சிதைந்ததற்கும் உள்ள வேறுபாட்டைச் சல்லடை அறியாது. அதனை அறிவிக்க வேண்டியது சொல்.

4. 'மக்கும்' என்னும் பெயரெச்சம்

பச்சைத் தொட்டியிலும் நீலத் தொட்டியிலும் காணப்படும் 'மக்கும் குப்பை', 'மக்காத குப்பை' என்னும் தொடர்கள் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தின் பெரு வெற்றிகளுள் அடங்கும். எளிமையும் மரபும் ஒருங்கே வாய்த்த இத்தொடர்கள் மக்கள் நாவில் நிலைத்துவிட்டன. எனினும் இலக்கண நோக்கில் ஒன்று கருதத்தக்கது.

திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2016 இவ்வகைக் குப்பையை நுண்ணுயிர்களால் எளிய நிலையான சேர்மங்களாகச் சிதைக்கப்பட 'இயலும்' கரிமப்பொருள் என வரையறுத்தன. ஆங்கிலப் பின்னொட்டு குறிப்பது இயலுமையை மட்டுமே. 'மக்கும்' என்பதோ 'செய்யும்' என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சம். அது பொருளின் மாறா இயல்பைக் கூறுவதாகவே கேட்போர்க்குப் படும். 'குடிக்கும் நீர்' என்பதற்கும் 'குடிக்கத்தக்க நீர்' என்பதற்கும் உள்ள வேறுபாடே இங்கும் உள்ளது. மக்கும் குப்பை எங்கே கொட்டினாலும் தானே மக்கிவிடும் என்னும் எண்ணத்திற்குச் சொல்வடிவமும் துணைபோகிறது.

மெய்ம்மை வேறு. மட்குதல் பொருளின் பண்பு மட்டுமன்று. ஈரம், காற்று, வெப்பம், நுண்ணுயிர், காலம் ஆகியன கூடிய சூழலின் பண்புமாகும். அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்து வில்லியம் ராத்ஜே குழுவினர் குப்பைமேடுகளைத் தோண்டியபோது, பல்லாண்டுப் பழைய செய்தித்தாள்கள் படிக்கும் நிலையிலேயே கிடைத்தன. சதுப்பின்மேல் அமைந்த பெருங்குடி ஈரம் மிக்கது. ஆதலின் அம்முடிவை அப்படியே இங்குப் பொருத்தலாகாது. ஆயினும் காற்றுப்புகா அடுக்குகளில் கரிமப்பொருள் சிதையும்போது மீத்தேன் வெளிப்படும் என்பது இரு இடத்துக்கும் பொது. எரியும் தன்மையுள்ள அவ்வாயு குப்பைக்கிடங்குத் தீக்குத் துணைபுரிவது. 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் கிடங்கில் பற்றிய தீ பல நாள்கள் நீடித்தது. 'மக்கும்' எனப்பட்ட குப்பை அங்கு எருவாகவில்லை.

எனவே தொட்டியின்மேல் 'மக்கும் குப்பை' என்றே இருக்கட்டும், அது பொதுமக்களுக்கானது. ஆய்வெழுத்திலும் விதிகளின் மொழிபெயர்ப்பிலும் 'மட்கத்தக்க' என்று எழுதி, எச்சூழலில், எத்தனை நாளில் என்பதைச் சேர்த்துரைப்பதே முறை. உரக்கூடத்தின் ஏறத்தாழ 58 பாகை செல்சியசு வெப்பத்தில் மட்டுமே விரைந்து மட்கும் நெகிழியை 'மக்கும் பை' எனப் பொதுப்பட விளம்பரப்படுத்துவது, இலக்கணப்படி பிழையின்றியும் அறிவியற்படி பிழையாகவும் அமைகிறது. அதற்கு 'உரமாகத்தக்க' என்பதே தக்க அடை.

5. சீரழிவா, சீரழிப்பா?

'டிகிரேட்' தன்வினையாகவும் பிறவினையாகவும் உருமாறாது நிற்கும். 'நிலம் சீரழிந்தது' என்பதற்கும் 'நிலத்தைச் சீரழித்தனர்' என்பதற்கும் அங்கு வினைவடிவம் ஒன்றே. பெயராகும்போது இவ்வேறுபாடு முற்றிலும் மறைகிறது. தமிழில் அவ்வாறன்று. சிதைந்தது, சிதைத்தது, அழிந்தது, அழித்தது, குலைந்தது, குலைத்தது என வினை தெளிவாகப் பிரிகிறது. பெயர்களும் சிதைவு, சிதைப்பு, அழிவு, அழிப்பு, குலைவு, குலைப்பு என அதற்கேற்பப் பிரிகின்றன.

இத்தகைய கருவி இருந்தும், சூழலியல் எழுத்தில் 'சுற்றுச்சூழல் சீரழிவு', 'சதுப்புநிலச் சீரழிவு', 'நிலச் சீரழிவு' எனத் தன்வினைப் பெயரே ஏறக்குறைய எங்கும் ஆளப்படுகிறது. மூப்பால் தளரும் உடல்போல நிலம் தானே அழிந்தது என்னும் தொனி அதில் உள்ளது. பன்னாட்டு ஆவணங்கள் இவ்வாறு மழுப்புவதில்லை. ராம்சார் உடன்படிக்கை உறுப்பு நாடுகளின் 2005-ஆம் ஆண்டுத் தீர்மானம், ஈரநிலத்தின் சூழலியல் இயல்பு மாற்றம் என்பதை மனிதரால் நேர்ந்த பாதகமான மாற்றம் என்றே வரையறுக்கிறது. பாலைவனமாதலைத் தடுப்பதற்கான 1994-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையும், நில வளம் குன்றுதற்கான காரணங்களுள் மனிதச் செயல்களைப் பெயர்சுட்டிச் சேர்க்கிறது.

பள்ளிக்கரணையின் வரலாறு இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. 'கழுவெளி' என்பது வெள்ளநீர் தேங்கிப் பரவும் தாழ்நிலத்திற்குத் தமிழில் வழங்கிய பெயர். நிலவகையை அறிந்து இட்ட பெயர் அது. நிருவாக நோக்கில் அந்நிலம் பயனற்ற வெற்றிடமாகக் கருதப்பட்டது. முன்னர்க் குறித்த முன்னூகம் இங்குப் பொருந்துகிறது: படியிறங்க வேண்டுமாயின் முன்பு ஒரு படியில் இருந்திருக்க வேண்டும். 'பயனற்ற நிலம்' எனப் பெயரிடப்பட்டதற்கு இறங்கப் படியே இல்லை. எனவே அதன்மேல் குப்பை கொட்டுவதும், கழிவுநீரை விடுவதும், சாலையும் கட்டடமும் எழுப்புவதும் சீரழிப்பாகத் தோன்றவில்லை. 'பயன்படுத்தல்' ஆகவே தோன்றின. 2007-இல் 317 எக்டேர் காப்புக்காடாக்கப்பட்டதும், 2022-இல் 1,247.54 எக்டேர் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டதும் அந்நிலத்திற்குச் சட்டவழி ஒரு 'படி' வழங்கிய நிகழ்வுகள். அதன் பின்னரே 'சீரழிவு' என்னும் சொல் அதனிடத்து முழுப்பொருள் பெறுகிறது. அச்சொல்லும் செய்வோனை மறைக்குமாயின், பெற்ற பயன் பாதியே.

6. மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்திற்கு இரு மறுப்புகள் எழலாம். ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பல தமிழ்ச்சொற்கள் எனின், மாணவர் மூலநூலோடு ஒப்பிட்டுக் கற்றல் கடினமாகும் என்பது முதலாவது. இம்மறுப்பில் வலுவுண்டு. ஆயினும் இது அகராதி அமைப்பால் தீர்க்கத்தக்கது: தலைச்சொல்லின்கீழ்த் துறைப்பெயரிட்டு நிகரன்களை வரிசைப்படுத்தலாம். குவாண்டம் இயற்பியலில் 'டிஜெனரேட்' என்னும் சொல்லுக்கு, 'சீர்கெட்ட' என நேர்பொருள் கொள்ளாது 'சம ஆற்றல்' எனக் கருத்துவழி ஆக்கியமை ஏற்கெனவே நம்மிடம் உள்ள நல்ல முன்மாதிரி.

'சீரழிப்பு' என எழுதுவது ஆய்வாளனைக் குற்றஞ்சாட்டுபவனாக்கும் என்பது இரண்டாவது. காரணம் நிறுவப்படாதவிடத்து அவ்வாறே ஆகும். கோடையில் சதுப்பு வற்றுவது பருவத்தின் இயல்பு. அது சீரழிவும் அன்று, சீரழிப்பும் அன்று. காரணம் அறியப்படாத வீழ்ச்சிக்குச் 'சீர்குலைவு' எனலாம். கழிவுநீர் கலப்பது அளந்து நிறுவப்பட்டபின் 'சீர்குலைப்பு' அல்லது 'சீரழிப்பு' எனலாம். இரண்டனுள் எதனைத் தெரிகிறோம் என்பதே ஆய்வுமுடிபின் ஒரு பகுதியாக அமைய வேண்டும். செம்பாக்கம் ஏரியில் நடைபெற்றதுபோன்ற மீட்டெடுப்புப் பணிகளுக்கும் இது இன்றியமையாதது. 'மீட்டெடுத்தல்' பிறவினை; அதற்கு எதிர்ச்சொல்லும் பிறவினையாக இருத்தல் தகும்.

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் பரிந்துரைகள் வருமாறு:

1. மூலக்கூற்றிலிருந்து அலகு அலகாக அகற்றும் வினைகளுக்குப் 'படிக்குறைப்பு'.
2. உயிரணு அல்லது நொதி செய்யும் செயலுக்குச் 'சிதைப்பு'. செய்வோனின்றி உருக்குலைதலுக்குச் 'சிதைவு'.
3. நுண்ணுயிரால் மண்ணாதற்கு 'மட்குதல்'. அதன் இயலுமைக்கு 'மட்கத்தக்க'. உரக்கூடச் சூழலுக்கு 'உரமாகத்தக்க'.
4. ஆற்றல், கருவி, நீர் ஆகியவற்றின் தரவீழ்ச்சிக்குத் 'தரங்குன்றல்', 'திறன்குன்றல்'.
5. அரிமானத்தால் நிலமட்டம் இறங்குதற்கு 'நிலத்தாழ்வு'.
6. சூழலமைப்பின் வீழ்ச்சிக்குக் காரணம் அறியாவிடத்துச் 'சீர்குலைவு'. மனிதச் செயல் நிறுவப்பட்டவிடத்துச் 'சீரழிப்பு'.

முடிவுரை

'டிகிரேட்' என்னும் சொல்லுக்குத் தமிழில் ஒற்றை நிகரன் இல்லாமை குறையன்று. ஆங்கிலம் தொடராலும் வரையறையாலும் பிரிக்க வேண்டியிருப்பதைத் தமிழ் வினையிலேயே பிரித்து வைத்துள்ளது. உழவர் வழக்கின் மட்குதல் நுண்நெகிழிச் சிக்கலுக்கு உரிய எல்லைக்கோட்டைத் தருகிறது. அழிவு, அழிப்பு என்னும் இணை பொறுப்பைச் சுட்டும் வாய்ப்பைத் தருகிறது. நேர்நிகர் தேடும் ஆர்வத்தில் இவ்விரண்டையும் கைவிடுவது கலைச்சொல்லாக்கத்திற்கும் அறிவியலுக்கும் ஒருங்கே இழப்பாகும். பள்ளிக்கரணையைப் பற்றித் தமிழில் எழுதப்படும் அடுத்த ஆய்வறிக்கை 'சதுப்புநிலம் சீரழிந்தது' எனத் தொடங்குமாயின், யாரால், எதனால் என்னும் வினாவையும் அவ்வாய்வு உடனெழுப்ப வேண்டும். அவ்வினாவைத் தவிர்க்கவொண்ணாதபடி செய்யும் ஆற்றல் தமிழ் வினையிடம் உள்ளது. அதனைப் பயன்கொள்வது ஆய்வாளர் கடன்.